ஒரே வகைக் கட்டடமா, கலவையா? சிங்கப்பூர் ரீட்டுகளில் என் தேர்வு

வங்கியில் போட்டிருந்த வைப்புத்தொகை முதிர்ந்து வந்தபோது, அதை சிங்கப்பூர் ரீட்டுகளுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தோம். ரீட் என்பது பலரின் பணத்தில் கட்டடங்களை வாங்கி, வரும் வாடகையை அவர்களுக்கே பங்கிட்டுத் தரும் நிதி. எந்த ரீட் என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. கடைத்தொகுதி மட்டும், மருத்துவமனை மட்டும், தரவு நிலையம் (டேட்டா சென்டர்) மட்டும் என்று ஒரே வகைக் கட்டடங்களை வைத்திருப்பதை வாங்குவதா, பல வகைகளையும் கலந்து வைத்திருப்பதை வாங்குவதா? நான் கலவைப் பக்கம் சாய்ந்தேன். பணத்தின் பெரும்பகுதி இப்போது கடைத்தொகுதி, அலுவலகம் இரண்டும் வைத்திருக்கும் கேப்பிட்டாலேண்ட் இன்டகிரேட்டட் கமர்ஷியல் டிரஸ்டில் இருக்கிறது. எல்லோரும் சுருக்கமாக சிஐசிடி என்பார்கள். சிறு பகுதி மட்டும் மருத்துவமனைகள் வைத்திருக்கும் பார்க்வே லைஃப் ரீட்டில்.

இரண்டு வகைக்கும் பொதுவானவற்றை நீட்ட வேண்டியதில்லை. வரிச் சலுகைக்காக வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டை யூனிட் (ரீட்டின் பங்கு) வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நம்மைப் போன்ற தனிநபர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தொகைக்கு வரி இல்லை. பங்கு போலவே சந்தையில் வாங்கலாம், விற்கலாம். இதில் ஒன்றுக்கொன்று உயர்வு தாழ்வு கிடையாது.

ஒரே வகை ரீட்டின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சிறிய பலம் அல்ல. ஃபிரேசர்ஸ் சென்டர்பாயிண்ட் டிரஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். காஸ்வே பாயிண்ட், நார்த்பாயிண்ட் சிட்டி, தெம்பினிஸ் 1 என்று எல்லாமே குடியிருப்புப் பேட்டைகளை ஒட்டிய கடைத்தொகுதிகள். எம்ஆர்டி ரயிலை விட்டு இறங்கி, காய்கறி வாங்கி, பிள்ளைக்கு டியூஷன் முடியும்வரை காத்திருந்து வீட்டுக்குப் போகிறவர்களின் இடம். 2019 நிதியாண்டில் யூனிட்டுக்கு சுமார் 12 காசு (சென்ட்) கொடுத்தது, கொவிட் வந்த 2020இல் 9 காசுக்கு இறங்கியது, மறு ஆண்டே 12 காசுக்குத் திரும்பிவிட்டது. சிஐசிடி பக்கம் பார்த்தால், 2019இல் கேப்பிட்டாலேண்ட் மால் டிரஸ்டாக இருந்தபோது 11.97 காசு. 2020இல் 8.69. அந்த ஆண்டு அக்டோபரில் அலுவலகக் கட்டடங்கள் வைத்திருந்த கேப்பிட்டாலேண்ட் கமர்ஷியல் டிரஸ்டோடு இணைந்து கலவையானது. 2021இல் 10.40 காசு, 2024இல்கூட 10.88 காசுதான். கையில் வரும் காசை மட்டும் பார்த்தால் இந்தச் சுற்றில் ஒரே வகைதான் ஜெயித்தது. இதை மறைத்துவிட்டுக் கலவைக்கு வக்காலத்து வாங்கினால் நியாயமில்லை.

பிறகு ஏன் கலவை? கடன் விகிதம். என் முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

சிங்கப்பூரில் ரீட்டின் கடன் அதன் சொத்து மதிப்பில் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது நாணய ஆணையத்தின் விதி. கட்டட மதிப்பு சரிந்ததால் மட்டும் தாண்டினால் அது விதிமீறல் ஆகாது. ஆனால் புதுக்கடன் வாங்க முடியாது. தவிர, கடன் கொடுத்த வங்கிகள் தனியே நிபந்தனைகள் போட்டிருக்கும், அவை இதைவிடக் கறாராக இருக்கலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புள்ள கட்டடங்கள், 40 வெள்ளி கடன். எல்லாம் ஒரே வகை. அந்த வகைக்குக் கெட்ட காலம் வந்து மதிப்பு 20 விழுக்காடு சரிந்தால் மிச்சம் 80 வெள்ளி. கடன் குறையவில்லை, அதே 40. விகிதம் நேராக 50இல் போய் நிற்கிறது. இதே ரீட்டில் பாதி வேறு வகைக் கட்டடங்களாக இருந்து, அந்தப் பாதி அசையாமல் நின்றால், மொத்த மதிப்பு 90, விகிதம் 44 சொச்சம். அதோடு முடியவில்லை. அசையாமல் நிற்கும் பாதியிலிருந்து 10 வெள்ளிக்கு ஒரு கட்டடத்தை விற்றுக் கடனை அடைத்தால் 80க்கு 30, அதாவது 37.5. ஒரே வகை ரீட்டும் விற்கலாம்தான். ஆனால் அந்த வகையையே யாரும் வாங்க விரும்பாத நேரத்தில் விற்க வேண்டும். வாங்க வருபவனுக்கும் அவசரம் தெரிந்துவிடும், விலையை அடித்துக் கேட்பான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. மேனுலைஃப் யுஎஸ் ரீட் 2016இல் இங்கே பட்டியலிடப்பட்டது. அமெரிக்க அலுவலகக் கட்டடங்கள் மட்டுமே. லாஸ் ஏஞ்சலிஸ், அட்லாண்டா, நியூ ஜெர்சி என்று ஊர்கள் பல, வாடகைதாரர்களும் பலர். பார்க்கிறவருக்கு நன்றாகப் பரவியிருப்பது போலத்தான் தெரியும். கொவிட்டுக்குப் பிறகு அமெரிக்காவில் அலுவலகம் திரும்புவோர் குறைந்தார்கள், வட்டியும் ஏறியது. எல்லா ஊர்க் கட்டடங்களும் சேர்ந்தே இறங்கின. 2023 நடுவில் மறுமதிப்பீடு வந்தபோது கடன் விகிதம் 50ஐத் தாண்டியது, வங்கி நிபந்தனையும் மீறப்பட்டது, யூனிட்தாரர்களுக்குக் கொடுப்பது நின்றுபோனது. 2024 பிப்ரவரியில் இன்னொரு அமெரிக்க அலுவலக ரீட்டான கெப்பல் பசிபிக் ஓக்கும் கொடுப்பதை நிறுத்தியது. மாதச் செலவுக்கு இந்தப் பணத்தை நம்பியிருந்த ஓய்வுபெற்றவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

சிஐசிடியில் வேறு மாதிரி நடந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் அதற்கு கலிலியோ என்ற கோபுரம் இருக்கிறது. அதன் பெரும்பகுதியில் வாடகைக்கு இருந்த கொமர்ஸ்பாங்க் வங்கி 2024 தொடக்கத்தில் வெளியேறியது, கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை ஆரம்பமானது. வாடகை வராத ஒரு பெரிய கட்டடம். ஆனாலும் அந்த ஆண்டு யூனிட்டுக்குக் கொடுத்தது முந்தைய ஆண்டின் 10.75 காசிலிருந்து சற்று ஏறவே செய்தது. பிளாசா சிங்கப்பூரா, ராஃபிள்ஸ் சிட்டி போன்ற உள்ளூர்க் கட்டடங்கள் தாங்கின. அதே ஆண்டில் 21 கோலியர் கீ அலுவலகக் கட்டடத்தை 688 மில்லியன் வெள்ளிக்கு விற்றார்கள், ஆர்ச்சர்ட் சாலையில் அயன் ஆர்ச்சர்டின் பாதியை வாங்கினார்கள். வாங்கியதற்கு நம்மைப் போன்ற யூனிட்தாரர்களிடமும் பணம் திரட்டினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் எந்த வகையில் இருந்து வெளியேறி எந்த வகைக்குள் போகலாம் என்று தேர்ந்தெடுக்கும் இடம் அவர்களுக்கு இருந்தது.

என் தம்பி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணா, கடைத்தொகுதி ரீட் ஒண்ணு, அலுவலக ரீட் ஒண்ணு வாங்கிட்டா அதுவும் கலவைதானே? நமக்கு வேணுங்கிற அளவுல கலந்துக்கலாமே?" என்றான். நல்ல கேள்வி. என் கணக்கில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், உண்மைதான். ஆனால் அவற்றின் கடன்கள் தனித்தனி. ஒன்று மூழ்கும்போது மற்றது தன் கட்டடத்தை விற்று அதைக் காப்பாற்றாது. ஒரே கூரைக்குள் இருந்தால்தான் அது நடக்கும்.

அதற்கு மறுபக்கமும் உண்டு, தம்பி அதையும் விடவில்லை. ஒரே கூரை என்றால் நல்லது கெட்டதைச் சுமக்கும். மேப்பிள்ட்ரீ கமர்ஷியல் டிரஸ்டை அதன் சிங்கப்பூர்க் கடைத்தொகுதியான விவோசிட்டிக்காக வாங்கியவர்கள் பலர். 2022இல் அது இன்னொரு மேப்பிள்ட்ரீ ரீட்டோடு இணைந்த பிறகு அவர்கள் கையில் ஹாங்காங்கின் ஃபெஸ்டிவல் வாக் கடைத்தொகுதியும் வந்து சேர்ந்தது. ஹாங்காங் மக்கள் எல்லை தாண்டி ஷென்சனில் செலவழிக்கத் தொடங்கியதும் அந்தச் சுமை இவர்கள் தலையில். அங்கேயும் 2024இல் சிங்கப்பூரில் இருந்த மேப்பிள்ட்ரீ ஆன்சன் அலுவலகத்தை 775 மில்லியன் வெள்ளிக்கு விற்றுத்தான் கடனைக் குறைத்தார்கள். காப்பாற்றும் வழி இருந்தது. ஆனால் காப்பாற்ற விற்றது உள்ளூர்ச் சொத்தை. ஆகவே நாடுகளைக் கலப்பதை நான் வகைகளைக் கலப்பதாக எண்ணுவதில்லை. நாணயமாற்றும் சேர்ந்து உதைக்கும். சன்டெக் ரீட் போலக் கலவையாக இருந்தும் கடன் விகிதம் 40க்கு மேலேயே நின்றால் அதிலும் எனக்கு ஈர்ப்பு இல்லை.

அப்படியானால் பார்க்வே லைஃபை ஏன் வைத்திருக்கிறேன்? மவுண்ட் எலிசபெத், கிளனீகல்ஸ், பார்க்வே ஈஸ்ட் மருத்துவமனைகளின் குத்தகை 2042 வரை ஓடுகிறது. வாடகை ஏறும் முறையும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கடனும் ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் வருமானத்தின் பெரும்பகுதி ஒரே மருத்துவக் குழுமத்திடமிருந்து வருகிறது என்பதால் அளவாகவே வைத்திருக்கிறேன். மருத்துவமனைக் கட்டடத்தின் மதிப்பு சரிந்த காலத்தை நான் முதலீட்டாளனாகப் பார்த்ததில்லை, அதனால் இதில் என் பேச்சை ஓரளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். தரவு நிலைய ரீட் என்னிடம் இல்லவே இல்லை. செயற்கை நுண்ணறிவு அலையில் கெப்பல் டிசி ரீட்டுக்கு நல்ல மவுசு. அதே ரீட்டுக்கு 2023இல் சீனாவின் குவாங்தோங்கில் ஒரு வாடகைதாரர் பாக்கி வைத்ததில் வருமானம் இறங்கியதையும் பார்த்தேன். அந்தத் துறை நன்றாகத் தெரிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன்.

சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் இதையே இந்திய ரீட்டுகளுக்குக் கேட்கிறார்கள். அங்கே இந்தத் தேர்வே ஏறக்குறைய இல்லை. எம்பசி, மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்ட் எல்லாம் பெரும்பாலும் அலுவலகம். வடபழனி விஜயா மாலை வைத்திருக்கும் நெக்சஸ் கடைத்தொகுதி. கலவை வேண்டுமென்றால் என் தம்பி சொன்ன வழிதான், இரண்டு வாங்க வேண்டும். இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் கடன் வரம்பு 49 விழுக்காடு. ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று காலாண்டு அறிக்கையில் தனித்தனியே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.