எழுத்தை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கும் கருவிகள்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துச் செருப்பு, தோல்பை வாங்கியவர்கள் இணையத்தில் கருத்து எழுதுகிறார்கள். காட்பாடி விடுதிகளுக்கும் வேலூர் பிரியாணிக் கடைகளுக்கும் அப்படித்தான். எழுதியது ஆணா பெண்ணா என்ற கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். பெண்கள் செருப்பு குதிகாலைக் கடிக்கிறது என்று எழுதியவர் அதைப் போட்டு நடந்தவரா, வாங்கிக் கொடுத்தவரா என்பது தயாரிப்பவருக்குத் தெரிய வேண்டிய சங்கதி. அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பப் பயன்படும் மூன்று வகைக் கருவிகளைத் தமிழ் எழுத்தின் மேல் தொடர்ந்து ஓட்டிப் பார்த்ததில் கிடைத்தவை இவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒருவர் எதைப் பற்றிப் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதைத்தான் இவை பிடிக்கின்றன. எழுதியவர் யார் என்பது அவற்றின் கைக்கு எட்டுவதில்லை, ஒரே ஒரு வழியைத் தவிர. அந்த வழி தமிழின் உறவுமுறைச் சொற்களில் இருக்கிறது.

முதல் வகை, ஆங்கிலச் சொற்களை எண்ணும் இணையக் கருவிகள். மோஷே கோப்பல், ஷ்லோமோ ஆர்காமன் குழுவினர் 2002, 2003-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து கிளைத்தவை இவை. பலவகை ஆங்கில எழுத்துகளைத் திரட்டிய பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பை வைத்து, பெண்கள் எழுத்தில் பிரதிப்பெயர்கள் கூடுதல், ஆண்கள் எழுத்தில் 'எ' (a), 'தி' (the) போன்ற சொற்கள் கூடுதல் என்று கண்டு, ஏறத்தாழ 80 விழுக்காடு சரியாகப் பிரித்துக் காட்டினார்கள். அதைப் பின்பற்றி வந்த 'ஜெண்டர் ஜீனி' ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பெண் வைத்தது. 'வித்' வந்தால் பெண் பக்கம் 52, 'இஃப்' வந்தால் 47. 'அரவுண்ட்' வந்தால் ஆண் பக்கம் 42, 'வாட்' வந்தால் 35. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கூட்டி, எது பெரிதோ அதுதான் தீர்ப்பு. நீல் கிராவெட்ஸின் 'ஜெண்டர் கெஸ்ஸர்' இதே வழியில் வந்தது. 300 சொற்களாவது வேண்டும் என்று கேட்கும். முறையான எழுத்துக்கும் சாதாரணப் பேச்செழுத்துக்கும் தனித்தனி எண் தரும். இரண்டு பக்கமும் நெருங்கி வந்தால், எழுதியவர் ஐரோப்பியராக இருக்கலாம் என்று ஒரு குறிப்பும் போடும்.

தமிழ் எழுத்தை அதில் ஒட்டினால் அதற்குத் தெரிந்த சொல் ஒன்றுகூட அகப்படாது. சரி, இயந்திர மொழிபெயர்ப்பில் ஆங்கிலமாக்கி ஒட்டலாமே என்று பலரும் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 'தி' என்பதற்குத் தமிழில் தனிச்சொல் இல்லை. 'வித்' என்பது நமக்கு 'ஓடு', 'ஆல்' என்று சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு போவது. மொழிபெயர்ப்பில் வரும் 'தி' எல்லாம் மொழிபெயர்த்த இயந்திரம் போட்டது. அந்த எண்ணிக்கை இயந்திரத்தின் பழக்கத்தைச் சொல்லுமே ஒழிய எழுதியவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

நம் ஊர்ப் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே எழுதிய விமர்சனங்களில் வேறொரு சாய்வு வருகிறது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் 'எ', 'தி' இரண்டையும் அடிக்கடி விட்டுவிடுவார்கள். அவை ஆண் பக்கத்து மதிப்பெண்கள் என்பதால் அந்தத் தட்டு இறங்காமல் நிற்கும். பெண் என்ற தீர்ப்பு வரும். கல்லூரி விடுதி மெஸ் பற்றி ஓர் ஆண் பிள்ளை எழுதியதைப் பெண் எழுத்து என்று அது காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான். சூசன் ஹெரிங், ஜான் பாவோலில்லோ இருவரும் வலைப்பதிவுகளை வைத்து 2006-இல் வெளியிட்ட ஆய்வையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நாட்குறிப்பு போல எழுதினால் பெண் எழுத்தின் கூறுகள் வருகின்றன. செய்தியை எடுத்துப் போட்டுக் கருத்துச் சொன்னால் ஆண் எழுத்தின் கூறுகள் வருகின்றன. எழுதியவர் யாராக இருந்தாலும் இப்படித்தான் என்று அதில் தெரிந்தது.

இரண்டாவது வகை, நாமே பயிற்றும் மாதிரி, அதாவது விடை தெரிந்த எழுத்துகளைக் காட்டிக் கற்றுக்கொடுக்கும் நிரல். பைத்தான் நிரல்மொழியும் அதன் சைகிட்-லேர்ன் தொகுப்பும் போதும். 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினியில் ஓடும். ஆனால் தமிழுக்கு அப்படியே ஓட்டினால் முதல் அடியிலேயே சறுக்கும், அதுவும் பிழை எதுவும் காட்டாமல். சைகிட்-லேர்னின் இயல்பான சொல் பிரிப்பு விதி உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும். இரண்டு எழுத்துக்குக் குறைந்த துண்டைத் தூக்கி எறியும். 'வேலூர்' என்ற சொல் வ, ல, ர என்று மூன்று ஒற்றைத் துண்டாகி மொத்தமும் காணாமல் போகும். 'ஆற்காடு' என்பதில் 'ஆற' மட்டும் மிஞ்சும். மாதிரி ஓடும், மதிப்பெண்ணும் வரும், ஆனால் அது பார்த்தது தமிழே இல்லை. பயிற்றியதும் சொற்பட்டியலை அச்சிட்டு முதல் 100 வரியைக் கண்ணால் படிப்பது கட்டாயம்.

இதற்குத் தீர்வு, சொல்லை இடைவெளியில் மட்டும் பிரிப்பது, அல்லது சொல் எல்லைக்குள் நிற்கும் 2 முதல் 5 எழுத்துத் துணுக்குகளை எடுப்பது. பின்னொட்டுகளில் வாழும் மொழி என்பதால் தமிழுக்கு இரண்டாவதே மேல். அதற்கு முன் யூனிகோடை, ஒரே எழுத்தை ஒரே விதமாகக் குறிக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'கொ' என்பதை ஒரு குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் துடைத்துவிடுங்கள். பிறகு, எங்கும் வரும் துணுக்குக்குக் குறைவாகவும் அரிதாக வருவதற்குக் கூடுதலாகவும் மதிப்பு வைக்கும் டிஎஃப்-ஐடிஎஃப் எடை, அந்த எடைகளைக் கூட்டி நிகழ்தகவு தரும் லாஜிஸ்டிக் ரிக்ரஷன். மூன்று ஆவணத்துக்குக் குறைவாக வரும் துணுக்கை விட்டுவிடலாம். நரம்பியல் வலை எல்லாம் இந்த அளவு வேலைக்குத் தேவையில்லை.

ஏமாறுவது சோதிக்கும் இடத்தில்தான் நடக்கும். ஒரே ஆளின் சில பதிவுகள் பயிற்சியிலும் மற்றவை சோதனையிலும் இருந்தால், மாதிரி ஆளை அடையாளம் கண்டுகொண்டு மதிப்பெண் வாங்கிவிடும். 'குரூப்-கே-ஃபோல்டு' என்ற பிரிப்பு முறையைப் போட்டு ஒரு ஆளின் எழுத்து முழுவதையும் ஒரே பக்கம் வைத்தால் எண் சட்டென்று இறங்கும்; அந்த இறங்கிய எண்தான் உண்மை. கையிருப்பில் 100-க்கு 70 ஆண்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் ஆண் என்றாலே 70 வந்துவிடும். ஆகவே இரு பக்கத்துக்கும் தனித்தனியே எத்தனை விழுக்காடு சரியாக வந்தது என்று எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

அடுத்து, எந்தத் துணுக்குக்கு எவ்வளவு எடை என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் மைலேஜ், சர்வீஸ், டயர். இன்னொரு பக்கம் புடவை, பிளவுஸ், குழந்தை. பொருட்சொற்களை மறைத்துவிட்டு, தான், கூட, உம், ஏ, ஓ போன்ற இடைச்சொற்கள், வினைமுற்றின் வால், எழுத்தை இழுத்து எழுதும் நீட்டல், நிறுத்தக்குறி இவற்றை மட்டும் விட்டுப் பயிற்றினால், நாணயம் சுண்டிப் பார்ப்பதற்கு மிக நெருக்கமாக வந்து நிற்கிறது. தன்மை வினைமுற்றில் தமிழ் பால் காட்டாது. வந்தேன் என்றால் யாராகவும் இருக்கலாம். நான் என்ற சொல்லையும் பெரும்பாலும் விட்டுவிடுவோம் என்பதால், ஆங்கிலம்போலப் பிரதிப்பெயரை எண்ணுவது இங்கே செல்லாது. 'ஏன்' என்று முடிவதை எண்ணப் போனால் தேனும் கேள்விச் சொல்லும் வந்து விழும். உருதுவில் நிலைமை வேறு. ஆம்பூர், வாணியம்பாடிக் கருத்துகளில் இடையிடையே உருது வரும். 'கயா தா' என்றால் போனது ஆண், 'கயீ தீ' என்றால் பெண். அதையும் 'நாங்கள்' என்று பன்மையில் சொல்லிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும்.

விளிச்சொற்களில் கொஞ்சம் பிடி கிடைக்கும் என்று தோன்றும். சென்னைக்குத் தெற்கே பயிற்றிய பட்டியலை இங்கே கொண்டுவந்தால் 'பா' ஒன்றே கெடுத்துவிடும். பழைய வட ஆற்காட்டில் 'சொல்லுபா', 'இன்னாபா' என்பதைப் பெண்ணிடமும் சொல்வார்கள், பெண்ணும் பெண்ணிடம் சொல்வாள். 'இன்னாமே', 'வாமே' என்றால் எதிரே இருப்பவர் பெண்; பேசுகிறவர் யார் என்பது அதில் இல்லை. 'டா' என்பதைத் தோழிகள் தங்களுக்குள் தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்கள். 'வந்துகினு கீது', 'அப்பால' போன்ற வட்டார வழக்கு வந்தாலே ஆண் என்று சாய்கிற மாதிரிகளும் உண்டு. திரைப்படக் கருத்துகளில் அந்த வழக்கை எழுதியவர்கள் ஆண்களாக இருந்ததைக் கற்றுக்கொண்டு வந்த பழக்கம் அது. குடியாத்தத்துப் பெண்மணி தன் பேச்சில் எழுதினால் அதற்குத் தண்டனைபோல அவர் பெண்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார். இந்த வகைக் கருவிகளில் மிகவும் வருத்தப்பட வேண்டிய குறை இதுதான்.

இனி உறவுமுறைச் சொற்கள். ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை, நமக்கு இருக்கிறது. நாத்தனார் என்பது கணவனின் சகோதரி. தனக்கு நாத்தனார் இருப்பதாகச் சொல்பவர் பெண். ஓரகத்தி, ஓர்ப்படி இரண்டும் கணவனின் சகோதரன் மனைவி. கொழுந்தன், மச்சாண்டார் கணவனின் தம்பியும் அண்ணனும். இவை பெண் பக்கம். சகலை, கொழுந்தியா இரண்டும் மனைவி வழி உறவு; ஆண் பக்கம். கைவசம் இந்த ஏழு சொல் இருந்தால், அவை வரும் இடத்தில் பெரிய மாதிரிகளைவிட நம்பகமான விடை கிடைக்கும். வைக்க வேண்டிய நிபந்தனைகள் கொஞ்சம்தான், ஆனால் விடக்கூடாதவை. முன்னால் 'என்' அல்லது 'எங்க' இருக்க வேண்டும். மேற்கோளுக்குள்ளும் 'ன்னு சொன்னா' என்று அடுத்தவர் பேச்சை எடுத்துச் சொல்லும் தொடருக்குள்ளும் வருவதை எண்ணக்கூடாது. நாத்தனாருக்கு, நாத்தனாரோட, நாத்தி என்று வடிவம் மாறுவதால் சொல்லடியை வைத்துத் தேட வேண்டும். அப்படித் தேடும்போது சகலை என்ற வலையில் 'சகலமும்', 'சகலவிதமான' மாட்டும். கொழுந்தன் வலையில் வெற்றிலைக் கொழுந்து வரும். இவற்றை விலக்குப் பட்டியலில் முன்பே போட்டுவிடுங்கள்.

மாமா, மச்சான், அத்தை மூன்றையும் சேர்க்கவே வேண்டாம். கணவனையும் மாமா என்பார்கள், தாய்மாமனையும் மாமா என்பார்கள், பையன்கள் நண்பனையும் அப்படியே அழைப்பார்கள். 'எங்க வீட்டுக்காரர்' இன்னும் சிக்கல். 'எங்க வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்தார்' என்றால் கணவன். 'எங்க வீட்டுக்காரர் வாடகை ஏத்திட்டார்' என்றால் வீட்டு உரிமையாளர். அதே வரியில் வாடகை, அட்வான்ஸ், காலி, மோட்டார் என்ற சொற்கள் இருந்தால் ஒதுக்கிவிடலாம். 'வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்பது மனைவியாகவும் இருக்கலாம், பெற்றோராகவும் இருக்கலாம். இந்த முறையின் குறை ஒன்றுதான்: திருமணமாகாதவர் எழுத்தில் இவை வரவே வராது. பெரும்பாலான கருத்துகள் விடை இல்லாமல் நிற்கும். அவற்றை அப்படியே 'தெரியவில்லை' என்று விடுவதே சரி.

மூன்றாவது வகை, சாட்ஜிபிடி போன்ற, உரையாடும் பெரிய மொழி மாதிரிகள். தமிழ் நன்றாகவே புரிகிறது. உறவுச்சொல்லையும் கேட்காமலே பிடிக்கிறது. ஆனால் உறவுச்சொல் இல்லாத இடத்தில் உணர்ச்சியோடு எழுதினால் பெண், கணக்குப் போட்டு எழுதினால் ஆண் என்று சாய்ந்துவிட்டு, அதற்கு அழகான காரணமும் சொல்லும். அந்தக் காரணத்தை நம்பாமல் ஒற்றைச் சொல் மாற்றிச் சோதிக்க வேண்டும். ஒரே பத்தியில் குக்கரை மிக்ஸியாக்கிப் பாருங்கள், பிறகு பைக்காக்கிப் பாருங்கள். விடை புரண்டால் அது பார்த்தது பொருளை. 'தெரியவில்லை' என்று சொல்ல அனுமதி உண்டு, ஆதாரமான சொற்றொடரை அப்படியே எடுத்துக்காட்டு என்று கேள்வியிலேயே எழுதினால் வீண் ஊகம் குறையும்.

இங்கே தமிழ் இலக்கியத்தையே சோதனைத் தாளாக வைக்கலாம். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகப் பாடிய பாசுரங்களை உரைநடையாக்கிக் கொடுத்தால் கருவி பெண் என்றே சொல்லும். அகப்பாடல்களில் தலைவி கூற்றாக ஆண் புலவர் பாடியதும் அப்படித்தான். மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு எழுதிய எஸ். ரங்கராஜன், அதாவது சுஜாதாவின் அறிவியல் கட்டுரையை ஆண் என்று சொன்னால், அது பொருளைப் பார்த்துச் சொன்னதா எழுத்தைப் பார்த்துச் சொன்னதா என்று பிரித்தறிய வழியில்லை. டேவிட் பாம்மன் குழுவினர் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ட்விட்டர் கணக்குகளை வைத்து 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதோடு பொருந்துகிறது. 88 விழுக்காடு சரியாக வந்தது. தவறாக வந்தவர்களின் தொடர்பு வட்டத்தில் தம் பாலினத்தார் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தார்கள்.

சரிபார்க்கும் தரவு பற்றியும் சொல்ல வேண்டும். கணக்குப் பெயரை விடையாக எடுக்காதீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரே கைபேசி எண்ணில் கணக்கு. மகன் பெயரில் அம்மா எழுதுவார், கணவர் பெயரில் மனைவி எழுதுவார். தாமாக விருப்பப்பட்டுக் குறித்தவர்களின் எழுத்தை மட்டுமே விடையாக வைக்கலாம். 2014-இல் உச்ச நீதிமன்றம் திருநரை மூன்றாம் பாலினமாக ஏற்றுக்கொண்டபின், இரண்டே பெட்டி வைத்த கருவி, தம்மை மூன்றாம் பாலினம் என்று சொல்பவர் ஒவ்வொருவரையும் தவறாகத்தான் போடும். ஆகவே ஊகத்தைத் தனி ஆளின் பெயரோடு சேர்த்துச் சேமிக்கக்கூடாது. இந்த மாதம் செருப்பு பற்றிய கருத்துகளில் பெண்கள் பங்கு சுமாராக எவ்வளவு என்ற மொத்தக் கணக்குக்கு மேல் இதைக் கொண்டுபோகவும் கூடாது.

மொத்தக் கணக்குக்கும் சில வரம்புகள் வேண்டும். 50 சொல்லுக்குக் குறைந்த கருத்தை மாதிரிக்கே அனுப்ப வேண்டாம். அதில் உறவுச்சொல் இருந்தால் மட்டும் எண்ணுங்கள். மாதிரி தரும் நிகழ்தகவு 0.2-க்கும் 0.8-க்கும் இடையில் இருந்தால் விட்டுவிடுங்கள். தீபாவளி, ரம்ஜான் சமயத்துக் கருத்துகளைத் தனியே வையுங்கள். அப்போது பரிசாக வாங்கியவர்கள் நிறைய, 'அம்மாவுக்கு எடுத்தேன்' வகை வரிகள் பொருட்சொல்லையே நம்பியிருக்கும் மாதிரியைப் புரட்டிப்போடும். விளிச்சொல்லும் நீட்டலும் வேகமாக மாறுவதால் ஆண்டுக்கு ஒருமுறை புதிய எழுத்தில் சோதித்து, இரு பக்கச் சராசரி 5 புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தால் மறுபடி பயிற்றுங்கள். உறவுச்சொல் பட்டியலை மட்டும் தொட வேண்டியதில்லை.