மலிவாகக் கிடைக்கும் அனலாக் மாடுலேட்டர்: வாங்கலாமா?

மார்த்தாண்டத்தில் பழைய மாடுலேட்டர் (படத்தையும் ஒலியையும் டிவி சேனலாக மாற்றி கேபிளில் அனுப்பும் பெட்டி) ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அவருக்காக இது.

ஊர்ச் சேனல் நடத்த ஒரு காலத்தில் இந்தப் பெட்டி, ஒரு டிவிடி பிளேயர், கேபிள்காரரின் கம்பைனரில், அதாவது பல சேனல்களை ஒரே கேபிளில் சேர்க்கும் பெட்டியில், காலி முனை, இவ்வளவும் போதும். அம்மன் கோயில் கொடை, சர்ச் திருவிழா, தோவாளைப் பூக்கடை விளம்பரம் எல்லாம் இதன் வழியாகத்தான் வீடுகளுக்குப் போயின. பெட்டி நல்ல உழைப்பாளி. இரவு பகலாக ஓடினாலும் அலைவரிசை நகராது.

எரிச்சல் ஒன்றே ஒன்று: அந்த ‘ர்ர்ர்’. திரைக்குக் கீழே வெள்ளை எழுத்து ஓடினால் ஸ்பீக்கர் இரையும், எழுத்து போனால் அடங்கும். உடனே ஆடியோ ஒயரை மாற்றுவார்கள், எர்த்தைக் குறை சொல்வார்கள். கோளாறு படத்தில் இருக்கிறது. பெட்டிக்குள் வரும் வீடியோ சிக்னல் 1 வோல்ட்டைத் தாண்டினால், வெள்ளை வரும் இடத்தில் படக் கேரியர், அதாவது படத்தைச் சுமந்து போகும் அலை, ஏறக்குறைய அற்றுப்போகும். ஒலியைப் பிரிக்க டிவிக்கு அந்தக் கேரியர் வேண்டும், அது அறுந்தால்தான் இந்த இரைச்சல். பெட்டியில் வீடியோ அளவுக்கான திருகைத் திருப்பி, மாடுலேஷனை (கேரியரில் படம் ஏறும் அளவை) 80, 85 சதவீதத்துக்கு இறக்குங்கள். மீட்டர் இல்லையென்றால் இரைச்சல் நிற்கும்வரை குறைத்து, இன்னும் ஒரு பொட்டு குறையுங்கள். எழுத்தை மஞ்சளாக்குவது வேண்டாம், நிறச் சிக்னலும் சேர்ந்து இன்னும் மோசமாகும். வெளிர் சாம்பல் சரி.

சத்தம் போதவில்லை என்று ஒலிக் கேரியரை ஏற்றுவது அடுத்த தப்பு. அது படக் கேரியரைவிட 5.5 மெகாஹெர்ட்ஸ் மேலே. சேனல் அகலமோ 7 மெகாஹெர்ட்ஸ்தான். அதனால் அடுத்த மேல் சேனலில் ஓடும் மலையாள சீரியலில் கோடு கோடாக அலை விழும். ஒலிக் கேரியரின் பலம் படக் கேரியரைவிட 15 டெசிபல் கீழேயே இருக்கட்டும்.

குளச்சல், முட்டம் பக்கம் படம் புள்ளியடித்தால் பெட்டியைத் திட்டாதீர்கள். கேபிள் நுனியில் திருகி மாட்டும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கேபிளின் நடுவில் உள்ள செம்பு பூசிய இரும்புக் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும். ஒரு அடி வெட்டிவிட்டுப் புதிதாகப் போடவேண்டும்.

கேபிள் டிவி சட்டத்தின் 2011 திருத்தத்தில் வந்த டிஜிட்டல் மாற்றம், 2017 மார்ச் 31 கெடுவோடு கடைசிக் கட்டத்துக்கு வந்தது. அதன் பிறகு ஊர்ச் சேனலுக்குப் படத்தை டிஜிட்டலாக்கும் என்கோடர் வேண்டும், பெரிய நிறுவனத்தின் ஹெட்எண்டில், அதாவது சேனல்களைத் திரட்டி அனுப்பும் நிலையத்தில், இடமும் வேண்டும். சின்ன சேனல்காரர் எத்தனை பேரால் முடியும்?

கன்னியாகுமரி லாட்ஜில் நாலைந்து அறைக்குப் பழைய டிவிகளில் படம் காட்ட இது இன்றைக்கும் உதவும். ஆனாலும் வாங்காதீர்கள். அந்த ‘ர்ர்ர்’ என் காதை விட்டு இன்னும் போகவில்லை.