குளோப், வி-பால், பட்டர்ஃப்ளை: கடலூர் உப்புக்காற்றில் எந்தக் கன்ட்ரோல் வால்வு எங்கே?

கடலூர் சிப்காட்டில், குடிகாடு பச்சையாங்குப்பம் பக்கத்து ரசாயன ஆலைகளில் சிக்னலுக்கு ஏற்பத் திறந்து மூடி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் வால்வு என்றால் பெரும்பாலும் மூன்று வகைதான்: பிளக் மேலும் கீழும் நகரும் குளோப், வி வடிவ வெட்டுள்ள உருண்டை திரும்பும் வி-நாட்ச் பால் (சுருக்கமாக வி-பால்), வட்டத் தட்டு திரும்பும் பட்டர்ஃப்ளை. வாங்கும் நேரத்துப் பேச்சு விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. பெரிய அளவுகளில் பட்டர்ஃப்ளை மலிவு, குளோப் காசு அதிகம், அது உண்மைதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, வால்வுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு அழுத்த வித்தியாசம் என்பதை.

தண்ணீர் வால்வின் குறுகலைக் கடக்கும்போது வேகம் ஏறி அழுத்தம் இறங்கும். ஆவி அழுத்தத்துக்கும் கீழே இறங்கினால் குமிழி பிறக்கும். குறுகலைத் தாண்டி அழுத்தம் மீளும் இடத்தில் குமிழிகள் உடைந்து உலோகத்தைக் கொத்தி எடுக்கும். குழாய்க்குள் கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் கேட்டால் அது இதுதான். இந்த மீட்சியைச் சொல்லும் எண் எஃப்.எல்.; எண் சிறியதானால் மீட்சி அதிகம், ஆபத்தும் அதிகம். குளோபுக்கு இது 0.9ஐ ஒட்டியும், நன்கு திறந்த பட்டர்ஃப்ளைக்கு 0.6ஐ ஒட்டியும் இருக்கும். வி-பால் இரண்டுக்கும் இடையில், பட்டர்ஃப்ளை பக்கம் சாய்ந்து நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். வால்வுக்கு முன் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 6 பார், 35 டிகிரித் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். இதில் குளோப் சுமார் 4.8 பார் வித்தியாசம் வரை ஓட்டம் முட்டிக்கொள்ளாமல் தாங்கும். பட்டர்ஃப்ளை 2.1 பாரிலேயே முட்டிவிடும், அதாவது அதற்கு மேல் வித்தியாசம் கூடினாலும் ஓட்டம் கூடாது. சேதம் இந்த எல்லைக்கு முன்பே தொடங்கிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே பாய்லர் ஃபீட் வாட்டர், நீராவி அழுத்தம் குறைக்கும் இடம், பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ரீசர்குலேஷன் லைன் ஆகியவற்றில் குளோப் தவிர வேறெதையும் வைக்க வேண்டாம். 8, 10 அங்குலக் கூலிங் வாட்டர் லைனில் அழுத்த வித்தியாசம் அரை பார், ஒரு பார்தான். அங்கே குளோப் வைப்பது வீண் செலவு. செயின் பிளாக் இல்லாமல் அதை இறக்கவே முடியாது. பட்டர்ஃப்ளையே போதும்.

சாயக் கலவை, சுண்ணாம்புப் பால், உப்புக் குழம்பு போன்ற திடத்துகள் கலந்த லைன்தான் வி-பாலின் இடம். பிளக்கைச் சுற்றித் துளையிட்ட உருளை (கேஜ்) வைத்த குளோபின் துளைகளில் துகள் அடைத்து, பிளக் பாதியில் நின்றுவிடும். வி-பாலில் கூர்மையான விளிம்பு திரும்பும்போதே துகளை வெட்டிக்கொண்டு போகும். கட்டுப்படுத்தக்கூடிய ஓட்ட வீச்சிலும் அதுவே முன்னணி: குளோபுக்கு சுமார் 50:1 என்றால் வி-பாலுக்கு 100:1க்கு மேல். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நிற்காது, பி.எஃப்.ஏ. (டெஃப்லான் வகை பிளாஸ்டிக்) லைனிங் உள்ள வால்வுதான்.

வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் நடக்கும் பெரிய தவறு, குழாய் அளவுக்கே வால்வு வாங்குவது. 4 அங்குலக் குளோபின் சி.வி. (முழுதாகத் திறந்தால் எவ்வளவு ஓட்டம் விடும் என்பதைச் சொல்லும் எண்) 200 சொச்சம், அதே அளவு வி-பாலுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். குளோபைக் கழற்றிய இடத்தில் அதே அளவு வி-பாலை மாட்டினால் அது குறைந்த திறப்பிலேயே வேலையை முடித்துவிடும், கட்டுப்பாட்டு லூப் நிலைகொள்ளாமல் ஆடத் தொடங்கும். வழக்கமான ஓட்டத்தில் குளோப் 60 முதல் 80 சதவீதம் திறந்திருக்க வேண்டும். பட்டர்ஃப்ளை 20 டிகிரிக்குக் கீழே நிரந்தரமாக நிற்கக்கூடாது. குழாயைச் சிறிதாக்கும் ரெடியூசர் போட்டு ஓர் அளவு சின்ன வால்வு வைப்பதில் குறையொன்றும் இல்லை.

நிறுவும்போது மூன்றுக்கும் பொதுவானது ஒன்று. லைனை ஃப்ளஷ் செய்து முடிக்கும்வரை வால்வை மாட்டவே கூடாது. அதன் இடத்தில் அதே நீளக் குழாய்த் துண்டு (ஸ்பூல் பீஸ்) நிற்கட்டும். ஒரு வெல்டிங் கசடு போதும், வால்வு மூடும்போது படியும் புது சீட்டில் கோடு விழ. அதற்குப் பிறகு பாதைகள் பிரிகின்றன. குளோபில் ஓட்டத் திசை காட்டும் அம்புக்குறி பார்த்து, ஆக்சுவேட்டர் (காற்றழுத்தத்தால் வால்வை அசைக்கும் பகுதி) நேர் மேலே நிற்கும்படி வையுங்கள். படுக்கவைத்தால் ஸ்டெம் (பிளக்கை அசைக்கும் தண்டு), அதைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கை ஒரு பக்கமாகத் தேய்க்கும். வேஃபர் (ஃபிளேஞ்சுகளுக்கு இடையே பிடிபடும்) பட்டர்ஃப்ளையை டிஸ்க் மூடிய நிலையில் ஃபிளேஞ்சுகளுக்கு இடையே நுழைத்து, நடுமையம் பார்த்து, மெல்லத் திறந்து டிஸ்க் குழாயில் இடிக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். எதிரெதிராக, முறுக்கு விசையின் 30, 60, 100 சதவீதம் என மூன்று சுற்று. ரப்பர் சீட் ஃபிளேஞ்ச் முகம்வரை வந்திருந்தால் தனி காஸ்கெட் வேண்டாம், போட்டால்தான் கசியும். பட்டர்ஃப்ளை, வி-பால் இரண்டிலும் ஷாஃப்ட் படுக்கையாக இருக்கட்டும். செங்குத்தாக வைத்தால் கீழ் பேரிங்கில் மண் உட்காரும்.

பராமரிப்பில் குளோபுக்குத்தான் கைவேலை அதிகம். பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளாண்டில் கசிந்தால் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, கசிவு நிற்கும்வரை மட்டும் இறுக்குங்கள். மேலும் இறுக்கினால் ஸ்டெம் பிடித்து, சிக்னல் வந்தும் வால்வு நகராமல் நின்று பிறகு குதிக்கும். 230 டிகிரிவரை டெஃப்லான் பேக்கிங் போதும். அதற்கு மேல் கிராஃபைட். அதன் உராய்வு அதிகம் என்பதால் ஆக்சுவேட்டரும் பெரிதாக வேண்டும். ஸ்டெமில் கோடு விழுந்திருந்தால் பேக்கிங் மாற்றுவது தண்ணீரில் எழுதுவதுதான், ஸ்டெமையே மாற்றுங்கள். வால்வின் மேல் மூடியான பானட்டைத் திறந்தால் காஸ்கெட்டும் புதிது. வி-பால், பட்டர்ஃப்ளை போன்ற சுழல் வால்வுகளில் பேக்கிங் தொல்லை குறைவு. அங்கே ஷாஃப்டுக்கும் லீவருக்கும் இடையே வரும் லொடலொடப்புதான் எதிரி.

எந்த வகையானாலும் ஷட்டவுனில் 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியர் சிக்னல் கொடுத்து, ஏறும்போதும் இறங்கும்போதும் நிலையைக் குறித்துவையுங்கள். குளோபில் இரண்டுக்கும் 1 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வந்தால் உராய்வைத் தேடுங்கள்.

இனி கடல். உப்புக்காற்று, சிக்னலுக்கு ஏற்ப வால்வின் நிலையைச் சரிசெய்யும் பொசிஷனரின் அலுமினிய உறையை வெள்ளைத் தூளாக உரிக்கும், 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டியூபிங்கைக் குழிவிழச் செய்யும். 316 எடுத்தாலும் கிளாம்புக்கு அடியில் உப்பு தங்கும் இடத்தில் அதுவும் குழியாகும். நல்ல தண்ணீரால் அவ்வப்போது கழுவிவிடுவது மலிவான மருந்து. கேபிள் உறைக்குள் நுழையும் கேபிள் கிளாண்ட் மேல்நோக்கி இருக்கவே கூடாது. கேபிள் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறி நுழையட்டும். உறை மூடியின் ஓ-ரிங்கை ஐப்பசி மழைக்கு முன்பே பாருங்கள்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் போன்ற நாளில் மின்சாரத்தோடு ஆக்சுவேட்டருக்குக் காற்று தரும் கம்ப்ரசரும் நிற்கும். காற்று போனதும் ஸ்பிரிங் வால்வை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை வாங்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும்: நீராவிக்கு மூடும் பக்கம், ரியாக்டர் கூலிங் வாட்டருக்குத் திறக்கும் பக்கம். பெரிய பட்டர்ஃப்ளைக்கு விலை குறைகிறதே என்று ஸ்பிரிங் இல்லாமல் இரு பக்கமும் காற்றாலேயே நகரும் டபுள் ஆக்டிங் சிலிண்டர் எடுத்தால், காற்று போன பிறகு அது எங்கே நிற்கும் என்று சொல்லவே முடியாது.

ஆக்சுவேட்டரின் வென்ட் துளையில் குளவி மண் கூடு கட்டினால் காற்று வெளியேற வழியின்றி வால்வு மெதுவாகும், சில நேரம் பாதியில் நிற்கும். வலை வைத்த வென்ட் பிளக் மாட்டி, துளை கீழ்நோக்கி இருக்கும்படி திருப்பிவையுங்கள்.