ஓவர்லோட் ரிலேயா, தெர்மிஸ்டரா? மோட்டார் எரியாமல் காப்பது எது?

ஸ்பின்னிங் மில்லில் மோட்டார் எரிந்தால் முதல் கேள்வி, "ஓவர்லோட் ரிலே ஏன் டிரிப் ஆகலை?" என்பதுதான். பல சமயம் ரிலே மேல் தப்பே இருக்காது. கரன்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் அந்தக் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் ஆம்ப்ஸ், அதாவது கரன்ட்டின் அளவு, மட்டுமே. சூட்டை அதை வைத்து ஊகிக்கிறது. ஃபேன் கவரில் பஞ்சு அப்பிக் காற்று அடைபட்டால் ஆம்ப்ஸ் ஏறாது, சூடு மட்டும் ஏறும். விஎஃப்டியில் (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) வேகத்தைக் குறைத்து ஓட்டும்போதும் இதே கதை: ஷாஃப்டில் இருக்கும் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், ரிலேக்கு எதுவும் தெரியாது.

ரிலேயின் செட்டிங்கையும் பார்க்க வேண்டும். ஸ்டார்-டெல்டா பேனலில் (மோட்டாரை முதலில் குறைந்த கரன்ட்டில் கிளப்பும் ஸ்டார்ட்டர்) ரிலே பெரும்பாலும் மெயின் கான்டாக்டர் என்ற ஸ்விட்சுக்குக் கீழே, வைண்டிங்குக்கு, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் காயிலுக்கு, போகும் வயரில் இருக்கும். அங்கே ஓடுவது லைன் கரன்ட்டில் 0.58 பங்குதான். நேம்பிளேட்டில் 50 ஆம்ப்ஸ் என்றால் வைக்க வேண்டியது 29. நேம்பிளேட்டைப் பார்த்து 50-லேயே வைத்துவிட்டால் ரிலே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தெர்மிஸ்டர் ஊகிப்பதில்லை. மிளகு அளவு சென்சார், ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று, வைண்டிங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். குறித்த சூட்டைத் தொட்டதும் அதன் ரெசிஸ்டன்ஸ் சட்டென்று எகிற, கன்ட்ரோல் ரிலே மோட்டாரை நிறுத்திவிடும். எஃப் கிளாஸ் இன்சுலேஷனின் வரம்பு 155 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. பஞ்சு பறக்கும் இடத்துக்கும் விஎஃப்டி மோட்டாருக்கும் நான் தயங்காமல் சொல்வது தெர்மிஸ்டரைத்தான்.

ஆனால் மெஷின் ஜாம் ஆகி ரோட்டர் (சுற்றும் பாகம்) நின்றுவிட்டால் தெர்மிஸ்டர் தோற்கும். சூடு முதலில் ஏறுவது ரோட்டரில். சென்சார் இருப்பது ஸ்டேட்டரில் (சுற்றாத வெளிப் பாகம்). கிளாஸ் 10 ரிலேயோ செட்டிங்கைப் போல் 7.2 மடங்கு ஆம்ப்ஸ் போனால் 10 விநாடிக்குள் வெட்டிவிடும். அதனால் தெர்மிஸ்டர் போட்டதும் ரிலேயைக் கழற்றுவது கூடவே கூடாது. பேரிங் தேய்மானத்தை மட்டும் இரண்டுமே சீக்கிரம் காட்டாது. அதற்கு வைப்ரேஷன்தான் பார்க்க வேண்டும்.

ரீவைண்டிங்குக்கு அனுப்பும்போது தெர்மிஸ்டரும் புதிதாக வைக்க வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். பழைய காயிலோடு அதையும் வெட்டி எறிந்துவிட்டு, பேனலில் தெர்மிஸ்டருக்கான இரண்டு வயரையும் ஷார்ட் செய்து ஓட்டும் வழக்கம் இருக்கிறது. திரும்பி வந்ததும் மல்டிமீட்டரில் பாருங்கள்: ஆறிய நிலையில் மூன்றும் சேர்ந்து 750 ஓமுக்குள் காட்ட வேண்டும். அந்த இரண்டு வயருக்கு நடுவே மட்டும் மெக்கரை (அதிக வோல்ட்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைக்காதீர்கள், சென்சார் போய்விடும்.