பிளேடு ஃபியூஸா, சர்க்யூட் பிரேக்கரா?

சொந்தமாகக் கட்டும் விமானத்தின் மின்சுற்றுகளுக்கு எது நல்லது? மின்னோட்டம் மிகுந்தால் பிளேடு ஃபியூஸ் உருகி அறுந்துவிடும்; பிரேக்கர் தானாக அணையும், மறுபடி போடலாம். இரண்டும் காப்பது கருவியை அல்ல, வயரை. 22 கேஜ் (எண் குறையக் குறைய வயர் தடிமன்) வயருக்கு 5 ஆம்பியர், 20க்கு 7.5, 18க்கு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான சுற்றுகளுக்குப் பிளேடு ஃபியூஸே மேல். எடை குறைவு, ஷார்ட் ஆனால் பிரேக்கரைவிட வேகமாக அறுந்துவிடும். பிரேக்கர் என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு இணைப்புக்கும் திருகு. அதிர்வில் ஒன்று தளர்ந்தாலும் முனை சூடாகி, வயரின் உறை கறுத்துப்போகும்.

பறக்கும்போது ஃபியூஸ் மாற்ற முடியாதே என்பார்கள். மாற்றவே கூடாது. அறுந்த காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறது. மறுபடி மின்சாரம் கொடுத்தால் புகை வரலாம்.

ஆனால் ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) ஃபீல்டுக்கு, அதாவது அதன் காந்தச் சுருளுக்கு, 5 ஆம்பியர் பிரேக்கர்தான் வேண்டும்: குரோபார் வகை மிகைவோல்ட் காப்பு, வோல்ட் எல்லை மீறினால் வேண்டுமென்றே ஷார்ட் செய்து அந்தப் பிரேக்கரை விழவைத்துத்தான் (அணையவைத்து) வேலைசெய்கிறது. டிரிம் (விமானத்தைச் சமநிலையில் வைக்கும் சிறு அமைப்பு) மோட்டாருக்கும் இழுத்து அணைக்கும் பிரேக்கர், கைக்கு எட்டும் இடத்தில்; தானாக ஓடும் டிரிமை உடனே நிறுத்தலாம்.