ஊர் முகங்கள் சுவரில்: பெயின்டா, டைல்ஸ் துண்டா?

செங்கோட்டையில் ஊர்க்காரர்களின் முகங்களைப் பொதுச்சுவரில் ஏற்ற நினைத்தால், சுவர் எந்தத் திசை பார்க்கிறது என்று முதலில் கவனியுங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் மேற்கிலிருந்து சாய்ந்தடிக்கும்.

பெயின்ட் செலவு குறைவு, வேலையும் சட்டென்று முடியும். பூக்காரம்மாவின் கண்ணோரச் சுருக்கம், கேரளாவுக்குக் காய்கறி லோடு ஏற்றுபவரின் தலைத்துண்டு எல்லாம் அப்படியே வரும். புதுப் பூச்சானால் 28 நாள் விட்டு, வெளிச்சுவர் பிரைமர் அடித்து, அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட். ஈரச்சுவரில் அவசரப்பட்டால் உப்பு பூத்து, கன்னம் கன்னமாய் உரியும். ஈரம் பெரும்பாலும் மேலே கைப்பிடிச்சுவர் வெடிப்பு வழியாகத்தான் இறங்கும். அதை அடைக்காமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். பளீர் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளிறும், காவி தாங்கும்.

டைல்ஸ் நிறம் மாறாது. ஆனால் முகஜாடை பிடிப்பது பெரும்பாடு: ஒரு மீட்டர் முகத்துக்கே துண்டு 2 செ.மீ. தாண்டினால் மூக்கு சப்பையாகிவிடும். தரையில் ஃபைபர் வலைமேல் ஒட்டி, சதுரம் சதுரமாகச் சுவரேற்றலாம். துண்டுகளுக்கிடையே 2, 3 மி.மீ. இடைவெளி விட்டு, கிரௌட் (இடுக்கை நிரப்பும் சாந்து). பழைய பெயின்ட்டைச் சுரண்டிக் கொத்திவிட வேண்டும். வெறும் சிமென்ட் பாலில் ஒட்டினால் வெயிலில் பிடிப்பு விட்டு, தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்கும்; பிறகு உதிரும். வெளிச்சுவருக்கான டைல் பசையே வாங்குங்கள்.

மேற்குச் சுவருக்கு டைல்ஸ், சன்ஷேடு நிழலுக்கு பெயின்ட் என்பது எங்கள் கட்சி. பெயர் எழுத்துகளை மட்டும் எப்போதும் பெயின்டில் வையுங்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். மலையாளத்திலும் எழுதச் சொல்லி யாராவது வந்து நிற்பார்கள்; பெயின்டானால் சேர்ப்பது சுலபம்.