சல்பேட்டா, கரித்துகளா: வானத்தில் எது என்ன செய்கிறது?

சல்பேட் என்பது கந்தகப் புகை காற்றில் மாறி உருவாகும் நுண்துகள்; கரித்துகள் என்பது எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் கரும்பொடி. இரண்டுமே பெரும்பாலும் புகையோடு வருபவைதான். வெயில் பட்டதும் குணம் வேறாகிவிடுகிறது. சல்பேட் ஒளியைச் சிதறடித்து ஒரு பகுதியை விண்வெளிக்கே திருப்பும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை கக்கிய கந்தக டை ஆக்சைடு, மேகங்களுக்கு மேலே உள்ள அடுக்குமண்டலத்தில் சல்பேட்டாக மாறி, உலகச் சராசரி வெப்பநிலையைச் சுமார் 0.5 டிகிரி செல்சியஸ் குறைத்தது. கரித்துகளோ ஒளியை விழுங்கி, சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும்.

மேகத்தில்தான் விஷயம் சிக்கலாகிறது. சல்பேட் நீரை எளிதில் ஈர்க்கும்; அதைச் சுற்றி மேகத்துளி உருவாகும். அது அதிகமானால், அதே அளவு நீர் ஏராளமான சிறு துளிகளாகப் பிரியும். மேகம் இன்னும் வெளுத்து அதிக ஒளியைத் திருப்பும். துளிகள் பருத்து மழையாவதும் தாமதமாகலாம். புதிதாகக் கிளம்பிய கரித்துகளில் நீர் அவ்வளவாக ஒட்டாது. மேக அடுக்குக்குள்ளேயே மிதந்தால், அதன் சூட்டில் மேகம் கரையும். மேகத்துக்கு மேலே நின்றால், சில சமயம் நேர்மாறாக மேகம் தடிக்கும்! அப்புறம், பனியில் படிந்தால் உருகுவது வேகமாகும்.

கீழ்வளிமண்டலத்தில் இரண்டுமே சில நாட்கள் முதல் ஓரிரு வாரம்தான் தங்கும். அதனால் பாதிப்பு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்.

எதை முதலில் குறைப்பது? நுரையீரலுக்கு இரண்டுமே கேடு. சல்பேட் குறைந்தால் அது மறைத்திருந்த வெப்பமும் வெளியே தெரியும். அதனால் கரியைத்தான் முதலில் சொல்வேன்.